விற்பனைக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: பயண முகவர்களுக்குச் சுற்றுலாத் தொகுப்புகளை மொத்தமாக விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்க ஆசை. பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் கணக்கு. அடக்கவிலை 100, அதன்மேல் 20 சதவீதம் கூட்டினால் விற்பனை விலை 120. விற்பனை விலையில் லாபமும் 20 சதவீதம் என்றே என் முதல் அறிக்கையில் எழுதிவிட்டேன். உண்மையில் அது 16.67. மேலாளர் திட்டவில்லை, சிரித்தார், அதுதான் வலித்தது.

அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு மென்பொருள்கள் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். ஓட்டல் ஒப்பந்தத்தைப் படிக்கப் பழகுவதுதான் கடினம். ஒதுக்கிவைத்த அறைகளை எந்தத் தேதிக்குள் திருப்பித் தரலாம் என்பதைச் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். அதைத் தவறவிட்டால் விற்காத அறைக்கும் பணம் கட்ட நேரிடும்.

யாருக்கு எந்த அறை என்ற பட்டியல், பயணி ஓட்டலில் காட்டும் வவுச்சர் எல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். பயணியின் பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

சேரும் முன், 'விலைப்புள்ளி தயாரிக்க வைப்பீர்களா?' என்று பயிற்சி மையத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். களப்பயிற்சிக்கு விற்பனையை விடச் செயல்பாட்டுப் பிரிவையே கேட்டு வாங்குங்கள். பஸ் வராத இரவில் தொலைபேசி அங்கேதான் ஒலிக்கும்.