தார்ப்பாய்க்கு ஒரு கார்பன் கணக்கு

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் வெள்ள நிவாரணத்துக்குத் தார்ப்பாயும் போர்வையும் வாங்கி வைக்கிறது. கார்பன் உமிழ்வைக் குறைக்க உள்ளூரில் வாங்கினாலே போதும் என்கிறார்கள் சிலர். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (தயாரிப்பு முதல் கழிவு வரை ஒரு பொருளின் உமிழ்வுக் கணக்கு) செய்துதான் முடிவெடுக்க வேண்டும் என்கிறார் பொருளாளர். எங்களால் அது முடியுமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமாக முடியும். இந்த மதிப்பீட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14040-படி முழு ஆய்வு நிபுணர் வேலை. உங்களுக்கு நோட்டில் ஒரு பக்கக் கணக்கு போதும்.

4க்கு 6 மீட்டர் தார்ப்பாய், 190 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 190 கிராம்) என்றால் எடை சுமார் 4.5 கிலோ. ஒரு கிலோ பாலிஎத்திலீன் தயாரிக்க ஏறத்தாழ 2 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, மூலப்பொருளுக்கே 9 கிலோ. நெசவுக்கான மின்சாரம் தனி. அதே பாய் 500 கிலோமீட்டர் லாரியில் வர, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுவர 100 கிராம் என்று போட்டாலும் கால் கிலோகூட ஆகாது. எனவே தூரத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். விமானம் மட்டும் விதிவிலக்கு: டெல்லியிலிருந்து வந்தால் 5 கிலோவைத் தாண்டும். ஐப்பசியில் தண்ணீர் ஏறிய பிறகு அடித்துப்பிடித்து வாங்கும்போதுதான் விமானச் சரக்கை நாட வேண்டிவரும். ஆடியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

பலரும் சறுக்குவது அலகில். 'ஒரு பாய்க்கு எவ்வளவு' என்று பார்த்தால் 90 ஜிஎஸ்எம் மெல்லிய பாய்தான் ஜெயிக்கும், அதன் மூலப்பொருளுக்கு 4.3 கிலோ கரியமில வாயுதான். பார்க்க வேண்டியது, ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு ஒழுகாத கூரைக்கு எவ்வளவு என்பதை. மெல்லிய பாய் வெயிலில் நொறுங்கி மூன்று மாதத்தில் கிழிந்தால் ஆண்டுக்கு நான்கு வேண்டும். 17 கிலோ ஆகிவிடும். கொட்டேஷனில் ஜிஎஸ்எம், புற ஊதாக் கதிர் தாங்கும் சேர்மானம், கயிறு வைத்து மடித்த ஓரம் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். சேர்மானம் கண்ணுக்குத் தெரியாது. சோதனைச் சான்றிதழ் வேண்டும். ஜிஎஸ்எம்மை நீங்களே பார்க்கலாம்: மாதிரியில் 10க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.9 கிராம் காட்ட வேண்டும். 1.5 என்றால் சரக்கே வேண்டாம்.

கழிவையும் கணக்கில் சேருங்கள். கிழிந்த பாயைத் தெருவோரம் கொளுத்தினால் 14 கிலோ கரியமில வாயு! மூலப்பொருள் கணக்கையே மிஞ்சிவிடுகிறது, மூச்சை அடைக்கும் புகை வேறு. கொடுக்கும்போதே, திரும்ப வாங்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

போர்வைக்கும் இதே வழிதான். ஹரியானாவின் பானிபட்டில் பழைய துணியிலிருந்து எடுக்கும் மறுசுழற்சி நூல் போர்வை 2,300 கிலோமீட்டர் தாண்டி வந்தாலும் லாரிப் பயணத்தால் ஒரு கிலோ போர்வைக்குக் கால் கிலோ கரியமில வாயுதான். புதுப் பருத்தியின் உரமும் சாயப்பட்டறைக் கொதிநீரும் அதை எளிதில் தாண்டும். நூல் உதிரும் மட்ட ரகமும் உண்டு. ஒன்றை வாங்கி, ஐந்து முறை துவைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுங்கள்.