‘ஈவில் டெட்’ பயமா, சிரிப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 1981-ல் வந்த அமெரிக்கப் பேய்ப் படம் ‘ஈவில் டெட்’ பார்த்தோம். மூன்று பேருக்கு அன்று தூக்கம் போச்சு. மற்ற மூன்று பேர் “களிமண் பொம்மையும் சர்க்கரைப் பாகும்தானே” என்று சிரித்தார்கள். இதை ஏன் இத்தனை வருடமாகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

சிரித்தவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகக் கடைசிப் பத்து நிமிடமாக, உடல்கள் அழுகிக் கரைகிற இடமாக இருக்கும். அது எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் டாம் சல்லிவனும் பார்ட் பியர்ஸும் பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன். இன்றைய கண்ணுக்கு அதில் பொம்மை தெரியத்தான் செய்யும். முதல் அரைமணி நேரத்தில் நடிப்பும் தடுமாறுகிறது, அதையும் மறுக்க மாட்டேன்.

பயந்தவர்களிடம் கேட்டால் வேறு இடங்களைச் சொல்வார்கள். ஐந்து பேர் காட்டு வீட்டுக்கு வந்து இறங்குகிறார்கள். ஸ்காட் மட்டும் வாசல் கதவை நோக்கி நடக்கிறான். திண்ணையில் தொங்கும் ஊஞ்சல் பலகை, ஆளே இல்லாமல், தானாக ஆடிச் சுவரில் ‘தொம்... தொம்...’ என்று மோதிக்கொண்டே இருக்கிறது. அவன் கையை உயர்த்தி நிலைக்கு மேலே இருக்கும் சாவியைத் தொடுகிறான். அந்த நொடியே ஊஞ்சல் நின்றுவிடுகிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, செலவும் இல்லை. நமக்கு மட்டும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. அடுத்து, பென்சில். கூர் சீவிய பென்சிலைக் கணுக்காலில் குத்தித் திருகுகிற ஷாட். கோடாரியால் வெட்டுவதை நம்மில் யாரும் அனுபவித்ததில்லை. பென்சில் முனை குத்திய வலி எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வெட்டுக் காட்சியில் சிரிப்பவர்கள்கூட அங்கே காலை மடக்கிக்கொள்கிறார்கள்.

இயக்குநர் சாம் ராய்மிக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 20. நாயகன் புரூஸ் கேம்ப்பெலுக்கு 21. தயாரிப்பாளர் ராப் டாப்பர்ட்டோடு சேர்ந்து முதலில் ஏறக்குறைய 1,600 டாலரில் சூப்பர் 8 என்ற சின்ன அளவு ஃபிலிமில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். டெட்ராய்ட் பக்கத்துப் பல் டாக்டர்கள், வக்கீல்கள் என்று பலருக்கும் அதைப் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். சுமார் 90,000 டாலரோடு தொடங்கிய படம் முடியும்போது 3,75,000 டாலர் அளவுக்குப் போயிருந்தது. முதல் எடிட்டிங்கில் சுமார் 117 நிமிடம் இருந்த படத்தை 85 நிமிடமாக இறுக்கினார்கள். எடிட்டர் எட்னா ரூத் பால். அவருக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான ஜோயல் கோயன். படப்பிடிப்பில் சரியாகப் பதிவாகாத ஒலிகளைப் பிறகு புதிதாக உண்டாக்கினார்கள். சதை கிழிகிற சத்தத்துக்குச் செத்த கோழிகளைக் கத்தியால் குத்திப் பதிவு செய்தார்கள். கேம்ப்பெல் மைக் முன்னால் மணிக்கணக்கில் அலறினார். அடுத்த முறை ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், சிரித்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காட்டுக்குள் தரையை ஒட்டிக் கேமரா பாய்ந்து வருகிறதே, அந்த ஷாட்டை எப்படி எடுத்தார்கள்? எங்கள் கல்லூரிக் குறும்படத்துக்குச் செல்போனில் முயன்றோம். தலை சுற்றுகிற மாதிரி ஆடுகிறது. (கோவை மாணவர்)

ஓடினாலும் கேமரா ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெடிகேம் கருவியை வாடகைக்கு எடுக்க அவர்களிடம் காசில்லை. இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டம் ஒன்றின் நடுவில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். அவ்வளவுதான். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்குக் கைகூடும்.

கையில் பிடித்து ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கேமரா இடதும் வலதுமாகச் சாய்கிறது. நம் கண்ணுக்குத் தலை சுற்றுவது மேலே கீழே குதிப்பதால் அல்ல, முக்கியமாக இந்தச் சாய்வால்தான். நீளமான சட்டம் அவ்வளவு சட்டென்று சாயாது. ஒரு முனை மூன்று அங்குலம் எழும்பினால் நடுவில் ஒன்றரை அங்குலம்தான் எழும்பும். வைட் லென்ஸ் மிச்ச ஆட்டத்தையும் சின்னதாக்கிக் காட்டும். கேமரா முழங்காலுக்குக் கீழே இருப்பதால் புல்லும் சருகும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே பறக்கும், அதனால் வேகம் கூடிய மாதிரித் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஐந்து அல்லது ஆறு அடிச் சட்டம் ஒன்று வாங்குங்கள். மெல்லிய ரீப்பர் வேண்டாம், அது வில் மாதிரி வளைந்து நடுவில் துள்ளும். அகலமான பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால் வளைவு இன்னும் குறையும். சரிபாதியில் துளை போட்டுக் கால் அங்குல போல்ட்டால் செல்போன் கிளாம்ப்பை முடுக்குங்கள். இடையில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் ரப்பர் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நட்டைத் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் கண்டிப்பாகத் தளரும். போனில் வைட் லென்ஸைத் தேர்ந்தெடுத்து, தானியங்கி ஸ்டெபிலைசேஷனை அணைத்து ஒன்று, அணைக்காமல் ஒன்று எடுங்கள். சில போன்களில் அது ஓட்டத்தின்போது படத்தின் ஓரங்களை ஜெல்லி மாதிரி நெளிய விடும். ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ஓடுகிறவர்களால்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடி வைத்து ஓடக் கூடாது. ஒருவர் கால் ஊன்றும்போது மற்றவர் எழும்பினால் நடுவில் குலுக்கல் குறையும். முழங்கை மடங்கியிருக்க வேண்டும். முதலில் பாதையில் கல், வேர், முள் எல்லாம் பார்த்து ஒதுக்கிவிட்டு, நடந்து ஒரு ஒத்திகை, பிறகு ஓட்டம். எடிட்டிங்கில் வேகத்தை 20 முதல் 30 சதவீதம் கூட்டினால் போதும். அதற்கு மேல் போனால் நகைச்சுவைப் படமாகிவிடும்.

மெதுவாக வழுக்கிச் செல்லும் ஷாட்களுக்கு டிராலி கிடையாது. பலகையில் டேப் சுற்றி வழவழப்பாக்கி, வாசலின் தடவி, கேமரா பொருத்திய ‘ப’ வடிவச் சட்டத்தை அதன்மேல் நழுவ விட்டார்கள். இதையும் முயன்று பாருங்கள், வாசலின் லென்ஸில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தால் பரிசு என்று அறிவித்தார்களாமே, உண்மையா? (விருதுநகர் வாசகி)

பல பேய்ப் படங்களுக்கு ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை இது. இந்தப் படத்தின் வெளியீட்டு வரலாற்றில் அப்படி ஒரு பரிசு இல்லை. ஆனால் விளம்பர உத்தி இருந்தது. 1981 அக்டோபர் 15 அன்று டெட்ராய்ட் நகரின் ரெட்ஃபோர்ட் தியேட்டரில் வேறு தலைப்போடு முதல் காட்சி நடந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ்களை நிறுத்தி வைத்தார்கள். படத்தை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது அதுவும் அல்ல. 1982 கான் திரைப்பட விழாவில் பார்த்த எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பாராட்டி எழுதியதுதான்.

ரத்தம் செய்வது எப்படி? நாங்கள் கேசரி பவுடர் கலந்து செய்தது ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருந்தது. (நாகர்கோவில் நாடகக் குழு)

கேசரி பவுடரில் மஞ்சள் சாயல் தூக்கலாக இருக்கும், அதனால்தான். ‘ஈவில் டெட்’ ரத்தம் கார்ன் சிரப், சிவப்பு ஃபுட் கலர், காபி மூன்றும் சேர்ந்தது. காபிதான் அதில் சூட்சுமம். வெறும் சிவப்புச் சாயம் வெளிச்சத்தை ஊடுருவ விட்டுவிடும், கேமராவில் ரோஸ்மில்க் போலத் தெரியும். காபியின் பழுப்பு அந்தப் பளபளப்பை அடக்கி ரத்தக் கனத்தைக் கொடுக்கும்.

கார்ன் சிரப் கிடைத்தால் ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சுங்கள். எலுமிச்சை சேர்க்காவிட்டால் பாகு ஆறியதும் பூத்துப்போகும், ரத்தத்தில் கற்கண்டு மினுங்கும். குலாப் ஜாமூன் பாகைவிடச் சற்றே கெட்டியானதும், கம்பிப் பதம் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஆறிய பாகில் ஒரு கப் அளந்து, இரண்டு டீஸ்பூன் திரவச் சிவப்பு ஃபுட் கலர், ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்த ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி சேருங்கள். அப்படியும் ஊடுருவித் தெரிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைக் கட்டியில்லாமல் குழைத்து விடுங்கள். ஆரஞ்சாக அடித்தால் ஒரே ஒரு துளி நீலம் போதும். இரண்டு துளி விட்டால் நாவல்பழ நிறத்துக்குப் போய்விடும். நாடக மேடை விளக்கு மஞ்சளாக இருந்தால் அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் துணியில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யுங்கள்.

இது உலர்ந்தால் கல். கேம்ப்பெலின் சட்டையில் ஏறிய ரத்தம் காய்ந்து இறுகி, மறுபடி போட்டுக்கொள்ளப் போனபோது சட்டை உடைந்தே போனதாம். எனவே ஒரே உடுப்பில் மூன்று செட் வேண்டும். துணிக்கு மட்டும் பூசுகிற ரத்தத்தில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்தால் துவைக்க எளிது. வாய்க்கும் கண்ணுக்கும் அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. இரண்டு பாத்திரத்துக்கும் தனித்தனி மூடி, தனித்தனி பெயர்ச்சீட்டு. எறும்பு வரும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

அந்த வெள்ளைக் கண் லென்ஸ் எங்கே கிடைக்கும்? (அதே குழு)

அதை விட்டுவிடுங்கள். படத்தில் போட்டது கண்விழியையே மூடும், கண்ணாடி போலத் தடித்த லென்ஸ். கண்ணுக்குக் காற்று போகாது என்பதால் ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியவில்லை. போட்டவருக்குப் பார்வையும் தெரியாது. கண் டாக்டர் பார்த்து அளவெடுக்காத லென்ஸ் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. முக அச்சு எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும்: பெட்ஸி பேக்கருக்கு அச்சை உரித்தபோது இமை முடிகள் பிய்ந்து வந்தன. புருவத்திலும் இமையிலும் வாசலின் தடவாமல் யார் முகத்திலும் எதையும் ஊற்றாதீர்கள். மேடைக்கு, கண்ணைச் சுற்றிக் கருமையும் மூடிய இமைமேல் வெள்ளைப் பூச்சும் போதும்.

எனக்குப் பேய்ப் படம் பிடிக்கும். ஆனால் அந்த மரக் காட்சியைப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன். அதற்கு என்ன நியாயம்? (மதுரை வாசகி)

நியாயம் இல்லை. காட்டின் கொடிகள் செரில் என்ற பெண்ணைப் பிடித்துப் பலாத்காரம் செய்கிற காட்சி அது. கொடிகளை உடலில் சுற்றி வைத்து, இழுத்து எடுப்பதைப் படம் பிடித்து, ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். உத்தி சாமர்த்தியமானதுதான், கதைக்கு அது தேவைப்படவில்லை. கொடிகள் அவளைத் துரத்துவதே போதுமான திகில். ராய்மியே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். பிரிட்டனில் 1983-ல் தியேட்டர் வெளியீட்டுக்கே 49 விநாடி வெட்டினார்கள். 1990 வீடியோவில் இன்னும் வெட்டினார்கள். 2001-ல்தான் முழுப் படமும் அங்கே அனுமதி பெற்றது. மீண்டும் பார்க்க விரும்பினால், டேப் ரெக்கார்டர் காட்சிக்குப் பிறகு செரில் தனியாக இருட்டில் வெளியே போகும்போது நிறுத்தி, அவள் ஓடி வந்து கதவைத் தட்டும் இடத்திலிருந்து தொடருங்கள். கதை எங்கும் அறுந்துபோகாது.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? டிவியில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே. (திருச்சி வாசகர்)

புள்ளி பழுதல்ல, ஃபிலிமிலேயே இருக்கும் நுண்ணிய மணி (கிரெய்ன்). படம் 16 எம்.எம்-ல் எடுக்கப்பட்டு, தியேட்டருக்காக 35 எம்.எம்-க்குப் பெரிதாக்கப்பட்டது. 16 எம்.எம் ஃபிரேமின் பரப்பு 35 எம்.எம்-ல் நாலில் ஒரு பங்குகூட இல்லை, மணியும் அதற்கேற்பப் பெரிதாகும். டிவியில் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். முன்னது முகங்களை மெழுகாக்கும், பின்னது படத்தை சீரியலாக்கும். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். அறை விளக்கையும் அணையுங்கள், இருட்டில் நகர்வதுதான் இந்தப் படத்தில் பாதி.

சதுரத்துக்கு நெருக்கமான 1.33 வடிவிலும் அகலமான 1.85 வடிவிலும் பிரதிகள் உண்டு. என் ஓட்டு 1.33-க்கு. கேமராவில் பதிவானது அந்த வடிவம். அகலப் பிரதியில் மேலும் கீழும் வெட்டுப்படும், பாதாள அறைக் கதவு தரையில் திறக்கும் ஷாட்களில் அது பெரிய இழப்பு.

இரண்டாம் பாகத்தை முதலில் பார்க்கலாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். 1987-ல் வந்த அது பாதி நகைச்சுவை. அதன் தொடக்கம் முதல் படத்தின் கதையையே நாயகன் ஆஷ், அவன் காதலி லிண்டா இருவரை மட்டும் வைத்துச் சுருக்கிப் புதிதாக எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் எதற்கும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பீர்கள்.

சில ஷாட்களில் நடிகர்களின் முகமே தெரிவதில்லை, கை வேறு மாதிரி இருக்கிறது. கன்டின்யூட்டி தவறா? (புதுச்சேரி வாசகர்)

கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆறு வாரம் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு 1979 நவம்பரில் தொடங்கி 1980 ஜனவரி வரை இழுத்தது. இடையில் மற்ற நடிகர்கள் கிளம்பிவிட்டார்கள். மிச்ச ஷாட்களில் யார் கிடைத்தார்களோ அவர்களுக்கு மேக்கப் போட்டு, முதுகையும் கையையும் காலையும் மட்டும் காட்டி முடித்தார்கள். அந்த டூப்களுக்கு ராய்மி குழு வைத்த பெயர் ‘ஃபேக் ஷெம்ப்’. ஷெம்ப் ஹோவர்ட் என்ற நகைச்சுவை நடிகர் 1955-ல் இறந்த பிறகு அவருக்கு டூப் போட்டுப் படங்களை முடித்ததை நினைத்து வைத்தது.

ஆளை மட்டுமல்ல, இடத்தையும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள். வீடு டென்னசி மாநிலம் மோரிஸ்டவுனில் இருந்தது. தரைக் கதவைத் திறந்து ஆஷ் படியில் இறங்கிப் போய்ச் சேரும் கல் அறை மிச்சிகனில், டாப்பர்ட் குடும்பத்துப் பண்ணை வீட்டின் நிலவறை. அதற்கு உள்ளே இருக்கும் கடைசி அறை, ராய்மி வீட்டு கராஜ். மோரிஸ்டவுன் வீடு பிறகு எரிந்துபோய்விட்டது.