மூன்றாவது பச்சை எரியாதபோது

கேள்வி: சிறிய பிசினஸ் ஜெட் ஒன்றில் கோ-பைலட்டாக இருக்கிறேன். சக்கரங்கள் இறங்கி லாக் ஆனதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில், இறங்கும் நேரத்தில் மூக்குச் சக்கரத்தின் விளக்கு மட்டும் எரியவில்லை, அதன் சிவப்பும் அணையவில்லை. சக்கரங்களை இயக்கும் லீவரை மேலே போட்டு மறுபடி இறக்கியதும் மூன்றும் பச்சையாகிவிட்டன. சில நாள் கழித்து மீண்டும் அதே கதை. "சென்சார்தான், விடு" என்கிறார் கேப்டன். விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. கேப்டன் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த சென்சார் அடிக்கடி பொய் சொல்லிப் பழக்கிவிட்டால், கியர் (சக்கர அமைப்பு) நிஜமாகவே லாக் ஆகாத நாளில் வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் வானத்தில் செய்யவேண்டியது. விளக்கு சரியில்லை என்றால் இறங்குவதைக் கைவிட்டு கோ-அரவுண்ட் போய், பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, டவரிடம் சொல்லி ஹோல்டிங் (காத்திருந்து சுற்றும் இடம்) கேளுங்கள். ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டட்டும், மற்றவர் செக்லிஸ்டை எடுக்கட்டும். 1972 டிசம்பரில் மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானம் விழுந்ததற்குத் தொடக்கம், மூக்குச் சக்கர விளக்கில் ஃபியூஸ் போன பல்பு. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைப்பதை விட்டு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. 1978-இல் போர்ட்லண்டில் யுனைடெட் 173 கியர் பிரச்சினையை அலசியபடியே சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதனால் ஹோல்டிங்கில் நுழைந்ததுமே, எத்தனை மணிக்கு எப்படி இருந்தாலும் இறங்கியே தீருவோம் என்று ஒரு நேரத்தைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் முதலாளியின் மீட்டிங் அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் விளக்குகளைப் படியுங்கள். பல ஜெட்களில் பச்சை எரியாமல், சிவப்பும் அணைந்திருந்தால் பல்பு மேல் சந்தேகப்படலாம். டெஸ்ட் பட்டனில் தெரிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அப்படியல்ல. பச்சை இல்லை, சிவப்பு எரிகிறது என்றால், லாக் விழவில்லை என்று சிஸ்டமே சொல்கிறது. ஹைட்ராலிக் அழுத்தத்தையும் சர்க்யூட் பிரேக்கர்களையும் (கோளாறானால் வெளியே துள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான்கள்) பாருங்கள். 2011-இல் வார்சாவில் போலந்தின் லாட் விமான நிறுவனத்தின் போயிங் 767 வயிற்றால் தரையிறங்கியது. மாற்று வழியில் கியரை இறக்கும் மோட்டாருக்கான பிரேக்கர் வெளியே வந்திருந்தது. விமானத்தைத் தூக்கி நிறுத்திய பிறகு அந்தப் பிரேக்கரை அழுத்தி மின்சாரம் கொடுத்ததும் சக்கரங்கள் இறங்கின. நல்லவேளை, உள்ளே இருந்த 231 பேரும் பிழைத்தார்கள். அதற்காகக் கண்ணில் பட்ட பிரேக்கரையெல்லாம் அழுத்தச் சொல்லவில்லை. எதை, எப்போது என்பது செக்லிஸ்டில் இருக்கும்.

லீவரை மேலும் கீழும் ஆட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். செக்லிஸ்ட் சொன்னால் மட்டும் செய்யுங்கள். உள்ளே ஏதாவது வளைந்திருந்தால், மேலே போன சக்கரம் திரும்ப இறங்காமல் சிக்கிக்கொள்ளும். அவசர இறக்கம் விமானத்துக்கு விமானம் மாறும்: சிலவற்றில் கைப்பிடியை இழுத்தால், சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் லாக் விடுபட்டுச் சக்கரம் தன் எடையில் விழும், தேவைப்பட்டால் நைட்ரஜன் அழுத்தம் அதைத் தள்ளும். நைட்ரஜனைத் திறந்துவிட்டால் பிறகு கியரை மேலே ஏற்ற நினைக்காதீர்கள்.

டவர் அருகே தாழப் பறந்து காட்டலாம். ஆனால் டவரில் இருப்பவர்களால் சக்கரம் இறங்கியிருப்பதைத்தான் பார்க்க முடியும், லாக் ஆகியிருக்கிறதா என்பது தெரியாது: கதவு சாத்தியிருப்பது தெரியும், தாழ் தெரியாது என்பதுபோல. எல்லாம் செய்தும் பச்சை வரவில்லை என்றால் அவசரநிலை அறிவித்து, தீயணைப்பு வசதியுள்ள நீளமான ஓடுபாதைக்குப் போங்கள். பிரதான சக்கரங்கள் தொட்டபின் மூக்கை முடிந்தவரை தாங்கி, மெல்ல இறக்குங்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். சக்கரம் மடங்காமல் தடுக்கும் லாக் பின் செருகும்வரை டாக்ஸி (தரையில் ஓட்டுவது) வேண்டாம்.

இனி தரையில். இரண்டு நிகழ்வையும் டெக் லாகில் (விமானத்தின் கோளாறுப் பதிவேடு) எழுதுங்கள், லீவரைத் திரும்பப் போட்டதையும் சேர்த்து. "கியர் லைட் கோளாறு" என்று மட்டும் எழுதினால் ஜாக்கில் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு "கோளாறு காணப்படவில்லை" என்றுதான் பதில் வரும். ஜாக்கில் நிற்கும் விமானத்துக்குக் காற்றின் தள்ளலும் இல்லை, உயரத்துக் குளிரும் இல்லை. வேகம், வெளி வெப்பநிலை, மழையில் பறந்தீர்களா, குளிரில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எத்தனை நொடி சிவப்பு எரிந்தது, ஹைட்ராலிக் அளவு எவ்வளவு: இவை இருந்தால் மெக்கானிக் சென்சாரின் இடைவெளியையும் கனெக்டருக்குள் ஈரத்தையும் தேடிப் போவார்.

கேப்டன் எழுத மறுத்தால், பராமரிப்புப் பொறுப்பாளரிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் நீங்களே எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பார்த்துக் கையெழுத்திடும்வரை அடுத்த பயணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.