பெரியம்மை ஒழிந்த பிறகு பாக்ஸ் வைரஸ் படித்து என்ன வேலை?

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், பி.எட் வேண்டாம், பேங்க் கோச்சிங் வேண்டாம், வைரஸ்களைப் பற்றிய படிப்பான வைராலஜிதான் படிப்பேன் என்று நிற்கிறாள். ‘பெரியம்மையே ஒழிந்துவிட்டது, அந்த வைரஸின் மேலே இருக்கிற புரதத்தைப் படித்து இவளுக்கு என்ன வேலை கிடைக்கும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சம்பளக் கணக்கைப் பிறகு பார்ப்போம். அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று முதலில் சொல்கிறேன்.

பெரியம்மை இயற்கையாகத் தாக்கிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980-இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் அந்த வைரஸின் குடும்பமான பாக்ஸ் வைரஸ்கள் அப்படியே இருக்கின்றன. 2022-இலும் 2024-இலும் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்த எம்பாக்ஸ் (குரங்கம்மை) அதே குடும்பம். 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோயும் அதே குடும்பம்தான். (சின்னம்மையும் தட்டம்மையும் இதில் சேராது.)

இந்தக் குடும்பத்தில் ஆய்வகங்கள் அதிகம் கையாள்வது வாக்சினியா. பெரியம்மைத் தடுப்பூசியாகப் போடப்பட்ட வைரஸ் அதுதான். அது ஒரு செல்லுக்குள் பெருகும்போது ஒரே வைரஸ் இரண்டு வகைத் துகள்களாக வெளிவருகிறது. முதல் வகையை முதிர் துகள் என்போம். அதற்கு ஒரு சவ்வுதான். பெரும்பாலான துகள்கள் இந்த வகை. செல் உடையும்வரை உள்ளேயே இருக்கும். கொஞ்சம் துகள்கள் மட்டும் செல்லுக்குள்ளேயே இன்னும் இரண்டு சவ்வுகளைச் சுற்றிக்கொள்கின்றன. செல்லை விட்டு வெளியேறும்போது வெளிச்சவ்வு செல்லின் சவ்வோடு கலந்துவிடும். ஆகவே வெளியே வரும் துகளில் இரண்டு சவ்வு இருக்கும். அதைப் புறத்துகள் என்போம். முதிர் துகள் தாக்குப்பிடிக்கக்கூடியது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில் அதன் பங்கு பெரிது. புறத்துகளின் வெளிச்சவ்வு எளிதில் கிழியும், ஆனாலும் உடலுக்குள் தூரமாகப் பரவ வைரஸ் நம்புவது அதைத்தான்.

இரண்டையும் எதை வைத்துப் பிரித்தறிவது? மேலே இருக்கும் புரதங்களை வைத்துத்தான். முதிர் துகளின் மேல் ஏ27, எல்1, டி8, எச்3 என்ற புரதங்கள் இருக்கின்றன. புறத்துகளின் வெளிச்சவ்வில் பி5, ஏ33, ஏ34, ஏ56 இருக்கின்றன, அந்தச் சவ்வின் உட்பக்கத்தில் எஃப்13 இருக்கிறது. எல்1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) முழுசாக இருக்கும் புறத்துகளைத் தொட முடியாது, ஏனென்றால் எல்1 உள்ளே மறைந்திருக்கிறது. பி5-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு முதிர் துகளில் பிடிப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

வெறும் பட்டியல் மாதிரி தெரியும் இந்த விஷயத்தில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. வாக்சினியாவைக் கொன்று தடுப்பூசி செய்யும் முயற்சி முன்பு நடந்தது. கொன்ற வைரஸில் பெரும்பாலும் முதிர் துகள்கள்தான் இருந்தன. ஆன்டிபாடி உருவானது, ஆனாலும் பாதுகாப்பு சரியாக வரவில்லை. புறத்துகளுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாததுதான் முக்கியக் காரணம் என்று 1970-களில் தெளிவானது. அதனால்தான் பின்னர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் சோதித்த டி.என்.ஏ தடுப்பூசியில் எல்1, ஏ27, ஏ33, பி5 நான்கையும் சேர்த்தார்கள், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. எம்பாக்ஸுக்காக பயோஎன்டெக் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கிய சோதனை எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியிலும் இரு வகைத் துகளின் புரதங்களும் இருக்கின்றன.

மருந்திலும் இதே கதை. டெகோவிரிமேட் என்ற மருந்து எஃப்13 புரதத்தைத் தடுத்து, துகள் கூடுதல் சவ்வைச் சுற்றிக்கொள்ள முடியாமல் செய்கிறது. 2018-இல் அமெரிக்கா பெரியம்மைக்கான மருந்தாக அதை அங்கீகரித்தது. ஆனால் 2024-இல் வெளியான காங்கோ பரிசோதனை முடிவில், எம்பாக்ஸ் கொப்புளங்கள் ஆறும் காலத்தை அது குறைக்கவில்லை. விலங்குகளில் நன்றாக வேலை செய்த மருந்து மனிதர்களிடம் ஏன் அந்த அளவு பலன் தரவில்லை? இதற்குப் பதில் தேட ஆட்கள் தேவை, அம்மா. உங்கள் மகள் ஆசைப்படுவது முடிந்துபோன நோயின் வரலாற்றுக்கு இல்லை.

அவளுக்கு இதில் உண்மையான ஆர்வமா, பெயரில் வந்த மோகமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ‘ஒரு குப்பியில் இருப்பது எந்த வகைத் துகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ என்று கேளுங்கள். பி5 ஆன்டிபாடி, எல்1 ஆன்டிபாடி என்று ஆரம்பித்தால் நல்லது. சீசியம் குளோரைடு கரைசலில் வேகமாகச் சுழற்றினால் புறத்துகள் லேசானது என்பதால் மேலே தனிப்பட்டையாக நிற்கும் என்றால் இன்னும் நல்லது. குப்பியை உறைய வைத்து உருக்கினால் வெளிச்சவ்வு கிழிந்து, புறத்துகள் முதிர் துகள் மாதிரி நடந்துகொள்ளும், அதனால் மாதிரியைப் புதிதாகவே சோதிக்க வேண்டும் என்று அவளாகச் சொன்னால், தயங்காமல் அனுப்புங்கள். பதில் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

ஆபத்தான வேலை என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. பெரியம்மை வைரஸ் உலகத்தில் அதிகாரபூர்வமாக இரண்டே இடங்களில்தான் இருக்கிறது, அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும். எந்த மாணவர் கைக்கும் அது வராது. வாக்சினியாவை பி.எஸ்.எல்-2 என்ற இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் கையாள்கிறார்கள். ஆனால் எக்சிமா, நோய் எதிர்ப்புக் குறைபாடு போன்றவை இருந்தால் வாக்சினியாவோடு வேலை செய்வது நல்லதல்ல. மகளுக்கு அப்படி ஏதாவது இருந்தால் ஆய்வகத்தில் சேரும்முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி வேலை, சம்பளம். பி.எஸ்சி நுண்ணுயிரியலோடு நிறுத்தினால் பரிசோதனைக் கூடங்களில் கிடைக்கும் சம்பளம் குறைவு. பி.எட் பாதுகாப்பான வழி என்று நினைக்கிறீர்கள், ஆனால் நுண்ணுயிரியலுக்குப் பள்ளிகளில் பணியிடம் மிகவும் குறைவு. ஆகவே அந்தப் பாதுகாப்பை நான் பெரிதாக நம்பவில்லை. எம்.எஸ்சி அவசியம். காட்-பி, சியுஇடி-பிஜி இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எழுதட்டும். வைராலஜி என்ற பெயர் போட்ட படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைராலஜி துறையே இருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் எந்தத் துறையாக இருந்தாலும் செல் வளர்ப்பு, பிளாக் அஸ்ஸே, வெஸ்டர்ன் பிளாட், எலைசா போன்ற ஆய்வக முறைகளையெல்லாம் சொந்தக் கையால் செய்யவிடும் இடமா என்று விசாரியுங்கள். துகளைப் புரதத்தால் பிரித்தறியும் அதே கைத்திறனைத்தான் தடுப்பூசி நிறுவனங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தேடுகின்றன. கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ்சி படிக்க வைப்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர் நெட், ஐ.சி.எம்.ஆர், டி.பி.டி தேர்வுகளில் ஒன்றில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. பி.எச்டிக்கு ஐந்தாறு வருடம் ஆகும். அந்த வருடங்களில் திருமணப் பேச்சு வரும், உறவினர்கள் கேட்பார்கள். அதற்கு வீட்டில் முதலில் தயாராக வேண்டியது நீங்கள்தான். ஜே.ஆர்.எஃப் இரண்டு மூன்று முறை எழுதியும் கிடைக்காவிட்டால் தொழில்துறைக்கு மாறுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கால்நடைத் தடுப்பூசிகளும் இந்தத் துறைதான். தோல் கழலை நோய்க்கான நம் நாட்டுத் தடுப்பூசியை ஹிசாரிலும் இசத்நகரிலும் இருக்கும் அரசு ஆய்வு நிறுவனங்கள்தான் 2022-இல் உருவாக்கின. நம் ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம் இருக்கிறது. கல்லூரி மூலம் அனுமதி வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்யலாம். கல்லூரிப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும், அதை இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள், மதிப்பெண் பட்டியலோடு. எந்தெந்த ஆய்வகத்துக்கு எழுதலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.