கியோட்டோ கோயில்கள்: எதற்குக் காசு, எது இலவசம்?

கேள்வி: நவம்பரில் நானும் மனைவியும் ஜப்பான் போகிறோம். கியோட்டோவில் ஒரே ஒரு முழு நாள்தான். கோயில்களைச் சுற்றிக்காட்ட ஆளுக்கு 9,500 ரூபாய் பேக்கேஜ் என்கிறார் டிராவல்ஸ்காரர். ஏழு நாள் ரயில் பாஸும் எடுத்துவிடச் சொல்கிறார். இரண்டும் தேவையா? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் பாஸ். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். போய் வந்தாலே பாஸ் காசு வந்துவிடும் என்பது விலை ஏறுவதற்கு முந்தைய கணக்கு. இன்னும் பல ஊர்களுக்கு ரயிலில் போனால் ஒழிய இப்போது கட்டுப்படியாகாது.

பேக்கேஜ் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயங்களில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமே கிடையாது. புத்த கோயில்களில்தான் டிக்கெட், அதுவும் பல இடங்களில் வளாகம் இலவசம், உள்மண்டபத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும் காசு. ஆக, கியோட்டோவில் கோயில் செலவு பெரிதல்ல. ஊருக்குக் குறுக்கே அலைவதுதான் காசையும் நேரத்தையும் தின்னும். ஊரின் கிழக்குப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள். தங்கக் கோயிலான கின்காகுஜி வடமேற்கு மூலையில் தனியாக இருக்கிறது. ஒரே நாள் என்றால் அதை விட்டுவிடுங்கள் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

காலை ஆறு, ஆறரைக்கே மலைமேல் ஏறும் ஷிண்டோ ஆலயமான ஃபுஷிமி இனாரி. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம், கட்டணம் 150 யென் அளவில். கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், டிக்கெட் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் செந்நிறத் தோரண வாயில்களுக்குள் ஆள் மேல் ஆளாக நிற்க வேண்டும். பேக்கேஜ் பஸ்கள் பெரும்பாலும் அதன் பிறகுதான் வந்து சேரும். ஏறும்போது வாயில்கள் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். இறங்கும்போது கவனியுங்கள்: ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் நன்கொடையாளர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் இருக்கும். பல கம்பெனிகள்தான். நம்மூர் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற அதே சங்கதி, ஆனால் இங்கே சிறிய வாயிலுக்கே லட்சக்கணக்கில் யென் ஆகும். மலை உச்சி 233 மீட்டர். பாதி வழியில் யோட்சுட்சுஜி என்ற சந்திப்பில் ஊர்க் காட்சி கிடைத்துவிடும், அங்கேயே திரும்பலாம். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், மேலே ஏற ஏற விலையும் ஏறும்.

அங்கிருந்து கெய்ஹான் என்ற தனியார் ரயிலில் ஷிச்சிஜோ ஸ்டேஷன். நடக்கும் தூரத்தில் சான்ஜூசான்கென்டோ என்ற புத்த கோயில், டிக்கெட் 600 யென். நாள் முழுக்கக் காசு கொடுக்கும் இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். நீண்ட மர மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் காவல் தெய்வங்களாக 28 சிலைகள். அதில் இந்திரன் உண்டு, அலகில் புல்லாங்குழல் வைத்து ஊதும் கருடனும் உண்டு. உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை.

அப்புறம் கியோமிசுதேரா என்ற புத்த கோயிலுக்கு நடை, கடைசிப் பகுதி ஏற்றம். டிக்கெட் 500 யென். அதற்குமேல் வளாகத்தைச் சுற்றக் காசு கேட்கிற இடம் இல்லை: சன்னென்சாகா, நினென்சாகா தெருக்களில் இறங்கினால் யாசகா ஆலயம், தாண்டினால் சியோன்-இன், இன்னும் நடந்தால் நான்சென்ஜி, இரண்டும் புத்த கோயில்கள். நான்சென்ஜி வளாகத்துக்குள்ளேயே 1888-இல் கட்டிய செங்கல் நீர்வழிப் பாலம் நிற்கிறது, பார்க்கக் கட்டணம் இல்லை. பக்கத்தில் கெயாகே சுரங்க ரயில் நிலையம்; கியோட்டோ ஸ்டேஷனுக்குச் சுமார் 260 யென்.

கூட்டினால் ரயிலும் டிக்கெட்டும் ஆளுக்கு 2,000 யென்னுக்குள், நம் பணத்தில் 1,200 ரூபாய்க்குள் அடங்கிவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் பேக்கேஜை யோசிக்கலாம். அப்போதும் நுழைவுக் கட்டணமும் மதியச் சாப்பாடும் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: இணையத்தில் பழைய பதிவுகள் 700 யென் பஸ் ஒருநாள் பாஸை இன்னமும் சிபாரிசு செய்கின்றன. அதன் விற்பனை 2023-லேயே நின்றுவிட்டது. இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் பாஸ். நகர பஸ் ஒரு தடவைக்கு 230 யென், ஐந்து முறை ஏறினால்தான் லாபம். மேலே சொன்ன வழியில் பஸ்ஸே இல்லை.

கேள்வி: கோயிலில் விற்கும் தாயத்து, முத்திரை இதெல்லாம் வாங்கலாமா? பேரம் உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: பேரம் கிடையாது. ஒமாமோரி எனும் துணிப்பை ரட்சை பெரும்பாலும் 500 முதல் 1,000 யென் வரை. கோயில் கவுன்ட்டரில் கொடுப்பதுதான் அந்தக் கோயிலுடையது. வழித்தெருக் கடைகளில் தொங்குபவை அழகுப் பொருள்கள், அந்த நினைப்போடு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் கோஷுயின் வாங்குங்கள். கோயில் பெயரையும் தேதியையும் மையில் எழுதி, சிவப்பு முத்திரையும் குத்தித் தருவார்கள். வழக்கமாக 300 முதல் 500 யென். அதற்கென்று தனி நோட்டு உண்டு, முதல் கோயிலிலேயே வாங்கிவிடலாம். சாதாரண நோட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். முதலில் கும்பிட்டுவிட்டு வரிசைக்குப் போவது மரியாதை. சில்லறையாகக் கொடுங்கள், பல இடங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது "ரூபாயில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று யென்னையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் ஏ.டி.எம்.காரர்கள் வைத்த மாற்று விகிதம்தான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கோயில் சாப்பாடு கிடைக்குமாமே, மலிவா?

பதில்: கிடைக்கும், மலிவில்லை. ஷோஜின் ரியோரி என்கிற அந்தச் சைவ விருந்துக்கு ஆளுக்குச் சில ஆயிரம் யென் ஆகும், சில இடங்களில் முன்பதிவும் வேண்டும். இனாரி கோயில் தெருவில் டோஃபு உறைக்குள் சோறு வைத்து விற்பதும், தெளிந்த நூடுல்ஸ் சாறும் சைவமாகத் தெரியும். இரண்டிலும் பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். சிக்கனத்துக்கு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உமே எனும் ஜப்பானியப் புளிப்புப் பழத்தின் ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை, வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளி. உருண்டையிலும் மீன் சுவையூட்டி இருக்கலாம் என்பதால் போனில் மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை லேபிள் மேல் காட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.