பிறந்த மதத்தில் நம்பிக்கை போய்விட்டால் சான்றிதழிலும் சொத்திலும் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: நான் வளர்ந்த மதத்தில் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டப்படி வெளியேற ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போவதை நிறுத்தியதால் எந்த உரிமையும் பறிபோகாது. உங்கள் மனதில் சாமி இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. வேறு மதத்துக்கு மாறினால்தான் கணக்கு மாறுகிறது.

இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் நாத்திகராகவே வாழ்ந்தாலும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அவரை இந்துவாகவே கொள்ளும். அப்பா சொத்தில் பங்கு உண்டு, பட்டியல் சாதிச் சான்றிதழும் செல்லும். கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி போய்விடும். கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். மாறியவரின் சொந்தப் பங்கு போகாது. ஆனால் அதன் பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்து இறங்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், தாத்தா உள்ளிட்ட இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது (பிரிவு 26). பாகப்பிரிவினை நாளில் இது தெரியவந்து நொறுங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு.

முஸ்லிமாகப் பிறந்தவருக்குச் சிக்கல் வேறு. தொழுகையை விட்டாலும் ஷரீயத் பங்கீடுதான்: மகளுக்கு மகன் பங்கில் பாதி, மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. இதற்கு ஒரு நல்ல வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. ஏற்கெனவே நிக்காஹ் ஆனவர்களும் அதன்கீழ் பதியலாம். பதிந்தால் வாரிசுரிமை 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் வழக்கறிஞர் ஷுக்கூரும் அவர் மனைவியும் 2023 மார்ச் 8 அன்று தங்கள் மூன்று மகள்களுக்காக இதைத்தான் செய்தார்கள். அதற்காக அவர்கள் மதத்தை விடவில்லை.

இந்தச் சட்டத்தில் புதிதாக மணம் முடிக்க, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு 30 நாள் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும், பிறகு மூன்று சாட்சிகள். அறிவிப்பு கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தடுக்கி விழுவது அந்தப் பலகையில்தான். சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். சுயமரியாதைத் திருமணம் (இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த பிரிவு 7ஏ) இன்னும் எளிது. ஆனால் இருவருமே சட்டப்படி இந்துவாக இருக்க வேண்டும். மாலை மாற்றினாலே போதும், புரோகிதர் தேவையில்லை.

சான்றிதழ் விஷயம். பள்ளியில் சாதி, மத இடங்களைக் காலியாக விடலாம் என்று 1973-லும் 2000-லும் தமிழ்நாடு அரசாணைகள் வந்திருக்கின்றன. தலைமையாசிரியருக்கு அது தெரியாவிட்டால் நகலைக் காட்டிக் கேளுங்கள். சாதி, மதம் அற்றவர் என்ற தனிச் சான்றிதழ் கடினமானது; திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா பல ஆண்டுகள் போராடி 2019-ல் தாசில்தாரிடம் பெற்றார். அது கையில் இருந்தால் இடஒதுக்கீடு கோர முடியாது, பொதுப் பிரிவில்தான் போட்டி. சந்தேகம் வருடத்துக்கு வருடம் உருமாறும், அரசுப் பதிவு அப்படி மாறாது. படிப்பும் வேலையும் முடிவாகும்வரை பழைய சாதிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.