மைனஸ் எங்கே போச்சு? பிள்ளைகள் கேட்ட கணக்குகள்

பினாங்கில் டியூஷன் எடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில இங்கே. எக்ஸ் வரும் இடத்தில் ‘க’ போட்டிருக்கிறேன்.

படிவம் 2 (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) மாணவன், ஆயர் ஈத்தாம்: டீச்சர், 5 − 2(க − 3) = 1. எனக்கு −1 வருது. புத்தகத்தில் 5 என்று இருக்கு. புத்தகம் தப்பா?

புத்தகம் சரிதான் தம்பி. நீ 5 − 2க − 6 என்று பிரித்திருப்பாய். அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்பது வெறும் 2 இல்லை, −2. அது உள்ளே இருக்கும் −3-ஐயும் பெருக்கும். மைனஸை மைனஸால் பெருக்கினால் +6. அப்புறம் 11 − 2க = 1, அதாவது 2க = 10, க = 5. உன் −1-ஐக் கேள்வியிலேயே போட்டுப் பார்த்திருந்தால் 5 + 8 = 13 என்று வந்து காட்டிக் கொடுத்திருக்கும். அரை நிமிட வேலைதான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அதே தம்பி: அப்போ (க + 3)² என்றால் க² + 9 தானே?

இல்லை. க-வுக்கு 2 போடு. 5² = 25, ஆனால் 4 + 9 = 13. மீதி 12 எங்கே? 5-க்கு 5 சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் 2, 3 என்று பிரி. இரண்டு சதுரங்களோடு 2-க்கு 3 செவ்வகமும் இரண்டு கிடைக்கும். அந்த இரண்டும்தான் நீ விட்ட 6க.

ஒரு தாயார், பட்டர்வொர்த்: டீச்சர், மகள் தமிழ்ப்பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரி. படிவம் 1 போனதும் தடுமாறுகிறாள்.

பல பிள்ளைகளுக்குக் கணக்கு மறப்பதில்லை அக்கா, சொல்தான் மாறிவிடுகிறது. பாடம் மலாயில் வருவதால் கோணம் ‘சூடுட்’ ஆகிறது, முக்கோணம் ‘செகி தீகா’ ஆகிறது. என்னிடம் வரும் ஒரு பிள்ளை பரப்பளவு கேட்டால் டக்கென்று சொல்வாள், ‘லுவாஸ்’ என்றால் முழிப்பாள். ஒரு நோட்டில் தமிழையும் மலாயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால் நோட்டோடு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

படிவம் 3 மாணவி, கெளுகோர்: 12 பக்க ஒழுங்குப் பலகோணத்தின் உட்கோணம் எவ்வளவு? சூத்திரம் மறந்துவிட்டது.

சூத்திரம் வேண்டாம். கொம்தார் கோபுரத்துக்கு 12 பக்கம். (கீழே கடைகள் இருக்கும் பகுதியைச் சொல்லவில்லை.) அதைச் சுற்றி நடப்பதாக நினைத்துக்கொள். முனைக்கு முனை கொஞ்சம் திரும்புவாய். ஒரு சுற்று முடிந்து, முதலில் பார்த்த திசையையே பார்க்கும்போது மொத்தம் 360 பாகை திரும்பியிருப்பாய். ஒழுங்குப் பலகோணம் என்பதால் முனைக்கு 30. உட்கோணம் 180 − 30 = 150.

படிவம் 2 மாணவி, பிறை: 2 ரொட்டி சானாய், 3 தே தாரேக் (ஆற்றிய பால் டீ) 6.90 ரிங்கிட். 4 ரொட்டி, 1 தே 6.30. ஒவ்வொன்றும் என்ன விலை?

முதல் பில்லை இரட்டிப்பாக்கு: 4 ரொட்டி, 6 தே, 13.80. இரண்டாவதைக் கழித்தால் ரொட்டி ஓடிப்போகும். 5 தே 7.50, ஒன்று 1.50. ரொட்டி 1.20. இந்த விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று உன் வாத்தியாரிடம் கேட்டுச் சொல்லம்மா, நானும் போய்ச் சாப்பிடுகிறேன்.